கன்னிக்காலுக்குக் கீழே ஒரு செப்புக் குழாய்

யாழ்ப்பாணத்தில் தண்ணீருக்குப் பயந்த மனிதர்கள் எத்தனையோ பேர். தண்ணீரே பார்த்துப் பயந்த மனிதர் ஒருவர்தான். அவர் எங்கள் தொடாதை அண்ணை.

ஆறும் அருவியும் இல்லாத குடாநாடு இது. இருக்கிற தண்ணீர் முழுக்க நிலத்துக்குக் கீழேதான். அந்தத் தண்ணீர் எந்த வளவில், எந்தக் குழாயில், எந்த மூட்டால் களவாக வெளியேறினாலும், தொடாதை அண்ணையிடம் பிடிபட்டுத் தலையைக் குனிந்துகொண்டு மறுபடியும் குழாய்க்குள் போய்விடும். இதை நான் சொல்லவில்லை. எங்கள் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தைக்கு முன்னால் நின்று, கேட்டவர்களுக்கும் கேளாதவர்களுக்கும் அவரே தன் வாயால் சொல்லுவார்.

தாய் தகப்பன் வைத்த பெயர் ஒன்று அவருக்குக் கட்டாயம் இருக்கத்தான் வேண்டும். அதை அவருடைய மனைவியும் அடையாள அட்டையும் மட்டும் அறிவார்கள். ஊருக்கு அவர் தொடாதை அண்ணை. ஒரு வீட்டுப் படலைக்குள் அவருடைய சைக்கிள் நுழைய முதலே "தொடாதை!" என்ற குரல் நுழைந்துவிடும். யார் எதைத் தொட்டார்கள் என்றெல்லாம் பார்ப்பதில்லை. ஒருமுறை எங்கள் முற்றத்துக் குழாயில் குந்தியிருந்த காகத்தைப் பார்த்தும் அப்படித்தான் அதட்டினார். அந்தக் காகம் அதன்பிறகு பக்கத்து வீட்டில் தண்ணீர் குடிக்கத் தொடங்கிவிட்டது.

மனிதர்களை இப்படி அதட்டுகிறவர் தண்ணீரோடு மட்டும் பணிவாகக் கதைப்பார். "எங்கை ஒளிச்சு நிக்கிறியள்? வாங்கோ, வெளியிலை வாங்கோ, நான் ஒண்டும் செய்யமாட்டன்" என்று ஈரமான நிலத்தைப் பார்த்துக் கெஞ்சுவார். அதே மூச்சில் வீட்டுக்காரரிடம், "நீ ஏன் வெளிச்சத்தை மறைச்சுக்கொண்டு நிக்கிறாய்?" என்பார். அந்த வீட்டுக்காரர் அரசாங்கக் கச்சேரியில் பெரிய பதவியில் இருப்பவர். அவருக்குக் கொஞ்சம் சுட்டுவிட்டது.

"ஏன் அண்ணை, என்னை நீ எண்டுறியள். தண்ணியை நீங்கள் எண்டுறியள்?"

"உன்னோடை பிழைச்சால் நாளைக்கு வந்து மன்னிப்புக் கேக்கலாம். தண்ணியோடை பிழைச்சால் ஆரிட்டைப் போய்க் கேக்கிறது?"

நிலத்தடிக் கசிவைக் கண்டுபிடிக்க அவரிடம் இருந்த ஒரே கருவி ஒரு பித்தளை மூக்குப்பேணி. நாங்கள் அண்ணாந்து தண்ணீர் குடிக்கிற அதே மூக்குப்பேணிதான். அதன் வாயை நிலத்தில் கவிழ்த்து, அடிப்பக்கத்தில் காதை வைத்துக் குப்புறப் படுத்துவிடுவார். அவர் படுத்துவிட்டால் மின்விசிறி நிற்க வேண்டும், தொலைக்காட்சி நிற்க வேண்டும், வீட்டுக்காரர் தும்மலை விழுங்க வேண்டும். ஒழுங்கைக்குள் பாட்டுப் போட்டுக்கொண்டு பாண் ரொட்டி விற்க வருகிற ஓட்டோவை ஒருநாள் ஓடிப்போய் மறித்து, "உந்தப் பாட்டை நிப்பாட்டு. நிப்பாட்டாட்டி வயரைக் கடிச்சுப் போடுவன்" என்று வெருட்டினார். அவர் கடிக்கக்கூடியவர்தான் என்று பாண்காரத் தம்பிக்கும் தோன்றியிருக்கிறது. அன்றிலிருந்து அவருடைய சைக்கிளை எங்கே கண்டாலும் பாட்டை நிறுத்திவிட்டு ஓசைப்படாமல் போய்விடுவான்.

எப்போதும் சரியாகக் கண்டுபிடிப்பார் என்று சொல்ல மாட்டேன். எங்கள் ஒழுங்கையில் ஓய்வுபெற்ற வங்கி முகாமையாளர் ஒருவர் இருக்கிறார். அவர் வீட்டு வளவில் கனநேரம் படுத்துக் கேட்டுவிட்டு, மாதுளை மரத்தடியைக் காட்டி, "இஞ்சைதான் நிக்கிறார்" என்றார் தொடாதை அண்ணை. தோண்டினார். குழாய் வரவில்லை. பாதி நிரம்பிய சாராயப் போத்தில் ஒன்று வந்தது. அதைத் தூக்கிக் குலுக்கிப் பார்த்தார், கவிழ்த்துப் பார்த்தார்.

"இதிலை ஒரு கசிவும் இல்லை ஐயா. மூடி நல்ல இறுக்கம்."

முகாமையாளர் முகம் வெளிறிப் போய், "அது... அது எங்கடை அப்பாவின்ரை காலத்துப் போத்தில்" என்றார். அவருடைய மனைவி மூக்குக்கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு வந்து ஒட்டியிருந்த தாளை ஆற அமர வாசித்தா. "மாமா செத்து எத்தினை வருஷம்? இதிலை போன வருஷம் எண்டெல்லோ போட்டுக் கிடக்கு." உண்மையான கசிவு குளியலறைக்குள் இருந்தது பிறகுதான் தெரிந்தது. தொடாதை அண்ணை பிழையை ஒத்துக்கொள்ளவில்லை. போத்திலும் நிலத்துக்குக் கீழே ஒரு மாதிரிச் சத்தம் போடும் என்று சொல்லிவிட்டுப் போனார். அதன்பிறகு எங்கள் ஊர் ஆண்கள் சிலர், அவரைக் கூப்பிடுவதற்கு முதல்நாள் தங்கள் தோட்டத்தைத் தாங்களே ஒருமுறை கிளறிப் பார்த்துக்கொண்டார்கள்.

அவர் தொழில் பழகியது கட்டாரில். அங்கே ஒரு ஷேக்கின் மாளிகைக்குச் செப்புக் குழாய் போட்டாராம். முதல்முறை கதை சொன்னபோது அந்த மாளிகையில் பத்துக் குளியலறை இருந்தது. போன தைப்பொங்கலுக்குச் சொன்னபோது ஒட்டகங்களுக்கே தனியாகக் குளியலறை வந்துவிட்டது. ஆனால் ஒன்று மட்டும் ஊரே ஒத்துக்கொண்ட உண்மை. அவர் ஒட்டின மூட்டு ஒழுகாது. ஒழுகினதாக ஒருவரும் சொன்னதில்லை. அந்த ஒரு பெருமையில்தான் அந்த மனிதர் சாப்பிட்டார், நித்திரை கொண்டார், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சைக்கிள் ஓட்டினார்.

அவரை எங்கள் வீட்டுக்கு அவசரமாகக் கூப்பிட வேண்டி வந்தது என் அண்ணாவின் பொன்னுருக்கு அன்று.

அண்ணாவுக்கு நாற்பது வயது. செவ்வாய்க் குற்றம். அதற்கு முன் பேசின இரண்டு சம்பந்தங்கள் கடைசி நேரத்தில் குழம்பிப் போயின. இரண்டாவது குழம்பியது, பெண் பார்க்கப் புறப்படும்போது தான் தும்மினதால்தான் என்று அம்மா இன்றைக்கும் நம்புகிறா. அதனால் இந்த மூன்றாவது சம்பந்தம் பொருந்தி வந்த நாளிலிருந்து அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டே திரிந்தா. இதுவும் தப்பிப் போனால் தன் பிள்ளை தனிமரமாகவே நின்றுவிடும் என்ற பயம் அவவைச் சரியாகச் சாப்பிடக்கூட விடவில்லை.

பொன்னுருக்கு அன்று மாப்பிள்ளை வீட்டில் தாலிக்குப் பொன் உருக்குவார்கள். அது முடிந்ததும் வளவின் ஈசான மூலையில் முள்முருக்கந்தடி ஒன்றுக்கு மஞ்சள் துணி கட்டி, நவதானியம் போட்டு, கன்னிக்காலாக ஊன்றுவார்கள். பெண் வீட்டிலும் அப்படியே ஊன்றுவார்கள். ஊன்றின காலைக் கலியாணம் முடியும்வரை அசைக்கக்கூடாது. அது துளிர்த்தால் தம்பதிகள் தழைப்பார்கள். அசைத்துப் பிடுங்கினால் என்ன ஆகும் என்பதை எங்கள் பக்கத்தில் யாரும் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள்.

இனிக் குழாய்க்கு வருகிறேன். லண்டனில் இருக்கிற சித்தப்பா ஒருமுறை விடுமுறைக்கு வந்தபோது, "பிளாஸ்ரிக்குக்குள்ளாலை வாற தண்ணியை மனிசர் குடிக்கிறதோ?" என்று கேட்டு, தண்ணீர்த் தாங்கியிலிருந்து வீடுவரைக்கும் நிலத்துக்குக் கீழே செப்புக் குழாய் புதைப்பித்துவிட்டுப் போனார். எங்கள் ஊர் வழக்கப்படி கிணறும் தாங்கியும் ஈசான மூலையில். கன்னிக்காலுக்கும் அதே மூலை. இந்த இரண்டையும் சேர்த்து யோசிக்க எங்கள் வீட்டில் ஒரு தலைக்கும் தோன்றவில்லை.

பொன் நல்லபடி உருகியது. நகை செய்கிற பத்தர் உருக்கின பொன்னைத் தட்டில் வைத்துக் காட்ட, எல்லோரும் கண்ணில் ஒற்றிக்கொண்டோம். பிறகு அப்பா இரும்பு அலவாங்கை எடுத்துக் கன்னிக்காலுக்குக் குழி போட்டார். கொஞ்சத் தூரம் போனதும் டங் என்றது. எங்கள் நிலத்தில் ஓரடி தோண்டினாலே சுண்ணக்கல் வரும். "கல்லுப் போலை கிடக்கு" என்று சொல்லிவிட்டு அப்பா அலவாங்கை ஓங்கி இன்னொரு குத்துக் குத்தினார். நல்ல நேரம் முடியப்போகிற அவசரத்தில் காலையும் அதே குழிக்குள் இறக்கி மண்ணை மிதித்துவிட்டார்.

சுமங்கலிகள் பாலும் தண்ணீரும் ஊற்றினார்கள். ஊற்றினது கீழே போகவில்லை, மேலே வந்தது. ஊற்றாததும் சேர்ந்து வந்தது. "ஐயோ, கங்கையெல்லோ வந்திட்டா!" என்று ஒரு மாமி கைகூப்பினா. அம்மாவும் கண்ணை மூடிக் கும்பிட்டா. கண்ணைத் திறந்தபோது கன்னிக்கால் ஒரு பக்கம் சரிந்துகொண்டிருந்தது. பட்டுச் சேலையோடு பாய்ந்து போய் இரண்டு கையாலும் அதைக் கட்டிப் பிடித்தா, பிடித்தது பிடித்ததுதான். அப்பா தாங்கி வால்வைப் பூட்ட ஓடினார். அது சுண்ணாம்பு பிடித்து இறுகிக் கிடந்தது, பாதிதான் திரும்பியது. நான் தொடாதை அண்ணைக்குப் போன் எடுத்தேன்.

சைக்கிளில் நீட்டுக்குக் கட்டின குழாயும், அதன் இரண்டு முனையிலும் மனைவியின் பழஞ்சேலையில் கிழித்த சிவப்புத் துணியுமாக வந்து இறங்கினார். வழக்கம்போல "தொடாதை!" என்றார். அம்மா தண்ணீருக்குள் நின்றபடியே திரும்பிப் பார்த்தா.

"தம்பி, நீர்தான் இதைத் தொடப்படாது."

தன்னுடைய சொல்லை இன்னொருவர் வாயால் கேட்டு அவர் ஒரு கணம் திகைத்துப் போனார்.

"அம்மா, தடியை எடுத்தால்தானே ஓட்டையைப் பாக்கலாம்."

"தடியோ? இது கன்னிக்கால். இதை எடுக்கிறதெண்டால் முதல் என்னை எடுத்துக் கிணத்துக்கை போடும்."

அவர் சேற்றில் குப்புறப் படுத்து மூக்குப்பேணியை வைத்தார். "கொஞ்சம் பொறுமையா இருங்கோ, அவசரப்படாதேங்கோ" என்றார். "நான் பொறுமையாத்தான் இருக்கிறன்" என்றா அம்மா. அவர் சொன்னது தண்ணீருக்கு.

இதற்குள் சித்தப்பா லண்டனிலிருந்து வீடியோ அழைப்பில் வந்துவிட்டார். பொன்னுருக்குப் பார்க்க எடுத்தவருக்குக் குளம்தான் காட்ட முடிந்தது. "மூண்டடி ஆழத்திலை புதைக்கச் சொல்லி நான் அப்பவே சொன்னனான்! ஆர் உதை ஓரடியிலை தாட்டது?" என்று கத்தினார்.

"பிள்ளை, உந்த ஆளை எங்கையாவது கவிட்டு வை" என்றார் தொடாதை அண்ணை. போனை உடுப்புத் தோய்க்கிற கல்லில் கவிழ்த்து வைத்தேன். சித்தப்பா கனநேரம் அந்தக் கல்லுக்கு ஆலோசனை சொல்லிக்கொண்டிருந்தார்.

எழும்பி நின்ற தொடாதை அண்ணை கையில் இருந்த சேற்றை உடுத்திருந்த சாரத்தில் துடைத்தார். "கால் நிண்ட இடத்திலை நிக்கட்டும். தண்ணியை நான் சுத்திக் கூட்டிக்கொண்டு போறன்" என்றார். காலுக்கு இந்தப் பக்கம் ஒரு வெட்டு, அந்தப் பக்கம் ஒரு வெட்டு. காயப்பட்ட துண்டைக் காலுக்குக் கீழேயே விட்டுவிட்டு, நான்கு எல்போ மூட்டுப் போட்டு வளைத்துப் புதுக்குழாய். ஷேக்கின் ஈச்சமரம் ஒன்றுக்கும் இப்படித்தான் செய்தாராம். அவர் மண்ணைக் கிண்டக் கிண்டக் கால் ஆடியது. அம்மா பிடியை விடவில்லை. "நீங்கள் விட்டிட்டு ஏறுங்கோ, அப்பா பிடிப்பார்" என்று நான் கையைப் பிடித்து இழுத்தேன். "உன்ரை கொப்பர்தானே குழாயைக் குத்தினவர்" என்றா.

குழாயை வெட்டியாயிற்று. ஈயம் உருக்கி மூட்டு ஒட்டப் போனால் அவருடைய நெருப்பு ஊதுகிற ரோச்சில் காஸ் இல்லை. பத்தர் தன் சாமான்களைக் கட்டிக்கொண்டு புறப்படுகிற நேரம். தொடாதை அண்ணை ஓடிப்போய் அவருடைய பையைப் பிடித்தார்.

"அண்ணை, உங்கடை நெருப்பைக் கொஞ்சம் தாங்கோ."

"இது பொன் உருக்கிற நெருப்பு. தண்ணிக் குழாய்க்குத் தரேலாது."

"உங்கடை தாலிப் பொன்னுக்கை செம்பு கலக்கிறேல்லையோ? அந்தச் செம்பின்ரை அண்ணன்தான் இஞ்சை கிடக்கிறார்."

பத்தர் முறைத்தார். பிறகு குழிக்குள் நிற்கிற அம்மாவைப் பார்த்தார். ரோச்சைக் கையில் கொடுக்க மனமில்லாமல், சால்வையை இடுப்பில் இறுக்கிக்கொண்டு தானே குழிக்குள் இறங்கினார்.

அடுத்த சிக்கல், பாதி பூட்டின வால்வால் வந்துகொண்டிருந்த தண்ணீர். உள்ளே ஈரம் இருந்தால் செம்பு சூடேறாது, ஈயம் பிடிக்காது. தொடாதை அண்ணை தலையைத் தூக்கி, "பாண்! கெதியாப் பாண் கொண்டா!" என்று கத்தினார். அம்மாவுக்கு அவமானமாகிவிட்டது. "கலியாண வீட்டிலை பாணோ? சோறு கறி வைச்சுக் கிடக்கு. பிள்ளை, தம்பிக்கு இலையைப் போடு."

"எனக்கில்லையம்மா. தண்ணிக்கு."

பாணின் உள்ளிருக்கும் மெத்தையை உருட்டிக் குழாய்க்குள் அடைத்தால் அது தண்ணீரைக் கொஞ்ச நேரம் மறித்துப் பிடிக்கும். ஒட்டி முடிந்து தண்ணீர் விட்டதும் கரைந்து போய்விடும். இதெல்லாம் எங்களுக்குப் பிறகுதான் விளங்கியது. அந்த நேரம் பார்த்துப் பாண் ஓட்டோ ஒழுங்கையால் வந்தது. தொடாதை அண்ணை சேறும் தண்ணீருமாக அதை நோக்கி ஓடினார். பாண்காரத் தம்பி அவரைக் கண்டதும் பாட்டை நிறுத்தி, ஓட்டோவை முடுக்கிவிட்டான். "பாட்டைப் போடடா! போட்டாலும் பரவாயில்லை, நில்லடா!" என்று கத்திக்கொண்டே இவர் சந்திவரை துரத்திப் போய், பாணோடுதான் திரும்பி வந்தார். பாண் கரையைத் தானே தின்றார். உள்ளிருந்ததைப் பக்குவமாக உருட்டி, "சாப்பிடுங்கோ" என்று குழாய்க்குக் கொடுத்தார்.

முதல் மூட்டு ஒட்டுப்படுகிற நேரம் படலை திறந்தது. பெண்ணின் பெரியம்மா பலகாரத் தட்டோடு வந்து நின்றா. அண்ணாவின் சாதகத்தை மூன்று சாத்திரிமாரிடம் காட்டின மனிசி அவ. கன்னிக்கால் ஆடினது என்று தெரிந்தால் தட்டோடு அப்படியே திரும்பிவிடுவா. அம்மா முகத்தில் இரத்தமில்லை. பிடித்திருந்த கை நடுங்கத் தொடங்கியது.

பெரியம்மா குழியைப் பார்த்தா. அதற்குள் நெருப்போடு பத்தர், பாணோடு ஒரு ஆள், சேற்றில் பட்டுச் சேலையோடு சம்பந்தி.

"என்ன இது? ஏன் காலைப் பிடிச்சுக்கொண்டு தண்ணிக்கை நிக்கிறியள்?"

தொடாதை அண்ணை தலையை நிமிர்த்தி, கோயிலில் தேவாரம் சொல்கிறவரின் குரலில் சொன்னார்.

"ஏனம்மா, உங்கடை பக்கத்திலை இந்த வழக்கம் இல்லையோ? மாப்பிளையின்ரை தாய் நீரிலை நிண்டு காலைத் தாங்கோணும். பக்கத்திலை பொன் உருக்கின நெருப்பு எரியோணும். தானியம் குடுக்கோணும். பழைய ஆக்கள் விடாமல் செய்யிறது."

"பாண் தானியமோ?"

"கோதுமை."

பெரியம்மா எங்கள் எல்லோரையும் ஒவ்வொருவராகப் பார்த்தா. இல்லை என்று சொன்னால் தங்கள் பக்கம் குறைந்துபோகும் என்று நினைத்திருக்க வேண்டும். "இல்லாமல் என்ன? எங்கடையிலும் இருக்குத்தானே. நாங்கள் பின்னேரத்திலைதான் செய்யிறது" என்று சொல்லிவிட்டுத் தட்டை என் கையில் தந்து அவசரமாகப் புறப்பட்டா. அன்று பின்னேரம் பெண்ணின் தாயைத் தங்கள் வீட்டுக் கன்னிக்காலடியில் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றி நிற்பாட்டி வைத்திருந்ததாகக் கேள்விப்பட்டோம். எங்கள் அம்மாவைவிடக் கூடுதல் நேரம் நின்றாவாம். எங்கள் பகுதியில் இப்போது வேறு சில கலியாணங்களிலும் இது நடக்கிறது. போன கிழமை ஒரு வீட்டில் பாணும் வைத்திருந்தார்கள்.

நான்கு மூட்டும் ஒட்டி, மண் மூடி, மிதித்து, கால் நேராக நிற்கிறதென்று தொடாதை அண்ணை தூரத்தில் போய் நின்று ஒற்றைக் கண்ணால் பார்த்துச் சொன்ன பிறகுதான் அம்மா கையை விட்டா. விரல்கள் விரிய மறுத்தன. கலியாணம் ஒரு குறையும் இல்லாமல் நடந்தது. அன்று காலை குளித்துக்கொண்டிருந்த அண்ணாவின் தலையில் குழாயால் கொஞ்சம் பாண் விழுந்தது. அவர் அதையும் சடங்கு என்று நினைத்துப் பேசாமல் இருந்துவிட்டார்.

எங்கள் பக்க வழக்கப்படி அண்ணா பெண் வீட்டோடு போய்விட்டார். அம்மாவுக்கு மிஞ்சினது கன்னிக்கால். மழையில்லாத மாதங்கள் வந்தன. முற்றத்துச் செவ்வரத்தை வாடியது, மல்லிகை காய்ந்தது. கன்னிக்கால் மட்டும் துளிர்த்தது. அம்மா விடிந்ததும் முகம் கழுவ முதல் அதைப் போய்ப் பார்ப்பா. பார்த்துவிட்டு அண்ணாவுக்குப் போன் எடுப்பா. "ராசா, இண்டைக்குப் புது இலை ஒண்டு விட்டிருக்கு. அங்கை எல்லாரும் சுகமோ?" அங்கே புருஷனும் பெண்சாதியும் முகம் கொடுத்துக் கதைக்காத நாளென்றாலும் அண்ணா, "ஓமம்மா, நல்ல சுகம்" என்று சொல்லுவார். சொன்ன பிறகு சமாதானமாகாமல் இருக்க முடியாது என்று அண்ணி ஒருநாள் சிரித்துக்கொண்டே என்னிடம் சொன்னா.

எனக்கு மட்டும் ஒரு சந்தேகம். அம்மா ஊற்றுகிற ஒரு செம்புத் தண்ணீருக்கு இந்த வெயிலில் ஒரு தடி இப்படித் தழைக்குமா? யாரும் குழாய் திறக்காமலே தாங்கியிலும் தண்ணீர் சாடையாகக் குறைந்தது. அம்மா கோயிலுக்குப் போன நேரம் தொடாதை அண்ணையைக் கூப்பிட்டேன். வந்தார், படுத்தார், கேட்டார், எழும்பினார்.

"ஒண்டுமில்லை."

என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். ஒரு வளவில் படுத்து எழும்பி ஒன்றுமில்லை என்று அவர் சொல்லி நான் கேட்டதே இல்லை.

"அண்ணை, உண்மையைச் சொல்லுங்கோ."

படலைப் பக்கம் பார்த்தார். குரல் இறங்கிவிட்டது. "மூண்டு மூட்டு ஒழுங்கா ஒட்டினனான். காலுக்குக் கிட்டக் கிடக்கிறதிலை மட்டும் ஊசி முனையளவு விட்டனான்."

"ஏன்?"

"வைச்சது என்ன மாதம் பிள்ளை? ஒரு செம்புத் தண்ணிக்கு உது தப்புமோ? அந்த மனிசி கை நடுங்க நடுங்கப் பிடிச்சுக்கொண்டு நிண்டது இப்பவும் என்ரை கண்ணுக்கை நிக்குது. உது காஞ்சுபோனால் அவ தாங்கமாட்டா." சைக்கிளை எடுத்தார். பிறகு திரும்பி வந்து, கெஞ்சுகிற குரலில் சொன்னார். என்னிடம் அவர் கெஞ்சினது அதுதான் முதல் தடவை. "ஒருதருக்கும் சொல்லிப்போடாதை. நான் ஒட்டின மூட்டு ஒழுகுதெண்டு ஊரிலை கதை வந்தால் நான் பிறகு ஒருதரின்ரை முகத்திலையும் முழிக்கேலாது."

சொல்லமாட்டேன் என்று சொன்னேன். இப்போது எழுதியே விட்டேன். என்னோடு கோவிப்பார், கோவிக்கட்டும். குழாய் இன்னும் ஒழுகிக்கொண்டுதான் இருக்கிறது, அம்மா இன்று காலையும் அண்ணாவுக்குப் போன் எடுத்தா. தனக்கென்று இருந்த ஒரே பெருமையை எங்கள் அம்மாவுக்காக ஊசி முனையளவு விட்டுக்கொடுத்த அந்த மனிதரை எனக்கு நிறையப் பிடிக்கும்.